வெள்ளையனுக்குச் சுண்ணாம்பு

வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைகளைப் பற்றிக் கேட்க வருகிறவர்களின் தொல்லை எனக்குத் தாங்க முடியவில்லை. கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றவன் வீட்டில் வேறு வேலையில்லாமல் குந்தியிருப்பான் என்று நினைக்கிறார்கள். ஒருவருக்குத் தன் பூட்டனாரோடு ஒரே கப்பலில் வந்த கப்டன் எந்த மூலையில் கிடக்கிறார் என்று தெரிய வேண்டும். இன்னொருவருக்கு நினைவுக்கல்லின் படம் வேண்டும், ஆனால் அதன்மேல் மான் சாய்ந்து நிற்கக் கூடாது. திருகோணமலையில் தெருவுக்குத் தெரு திரியும் மானுக்கு யார் சொல்லி வைப்பது?

போன மாதம் என் பழைய கந்தோரில் இருந்தே ஒரு இளம் எஞ்சினியர் வந்தார். நல்ல பிள்ளை. கதிரையின் நுனியில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார். இறக்கக்கண்டிக்கு இந்தப் பக்கம், கடலுக்குள் நீண்டிருக்கும் முனையில் தனியாக நிற்கும் கடற்படை அதிகாரியின் கல்லைப் பற்றிக் கேட்டார். அதன்மேல் சுண்ணாம்பு ஒரு விரல் தடிப்புக்கு இறுகிக் கிடக்கிறதாம். ஒரு எழுத்தும் தெரியவில்லையாம். ஏதோ திரவம் பூசிக் கழற்றி எடுக்க அனுமதி வாங்கிவிட்டாராம்.

“எந்த மடையன் ஐயா இப்பிடி ஒரு வேலை பார்த்தது?” என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, அவர் படலையைத் தாண்டியதும் வந்தாள். “தெரியாதெண்டு சொல்லிப்போட்டு ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறியள்?” என்றாள். அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். சுண்ணாம்பு அடித்த மடையன் நான்தான். அதற்கு முந்தி அதைச் சுரண்டி எடுத்த மடையன் ஒருவன் இருந்தான். அவனும் நான்தான். இந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படை கொடியை இறக்கிக்கொண்டு போவதற்குச் சற்று முன் தெருவும் மதகும் பார்க்கும் அரசாங்கக் கந்தோரில் நான் ஓவசியராகச் சேர்ந்தேன். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பரீட்சையில் ஆங்கிலத்திலும் லத்தீனிலும் திறமைச் சித்தி. கல்லுக் குவியலை அளக்கவும், மதகு கட்டவும், வேலைக்கு வராதவனின் பெயரைக் கூப்பிட்டபோது ஓம் என்று சொன்னவன் யார் என்று கண்டுபிடிக்கவும் முதல் சில வருடங்களில் பழகினேன். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. லத்தீனுக்கு மதகில் வேலை இல்லை.

கடற்படைத் தளம் கைமாறியபோது, தளத்துக்கு வெளியே ஆங்காங்கே கிடந்த கல்லறைகளும் நினைவுக்கல்லுகளும் எப்படியோ எங்கள் கந்தோரின் தலையில் விழுந்தன. யாருக்கும் அவை வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது. ஊரில் என்னைப்போல அந்த எழுத்துகளைத் தட்டுத்தடங்கலின்றி வாசிக்கக்கூடிய ஓவசியர் வேறு இல்லை என்ற பெருமைதான் காரணம்.

தளத்தில் வேலை பார்த்த பழைய ஓவசியர் ஒரு பறங்கியர். ஒப்படைத்துவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். சைக்கிளில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் காட்டினார். பட்டணத்துச் சவக்காலைக் கல்லறைகளுக்கு வருடத்தில் ஒரு தரம் வெள்ளை அடிப்பது. இந்த முனைக்கல்லுக்கு மட்டும் இரண்டு தரம், கடல் பக்கம் தடிப்பாக. ஏன் இதற்கு மட்டும் என்று கேட்டேன்.

“அப்பிடித்தான் செய்யிறது,” என்றார். அவருக்கு முந்தி இருந்தவரும் அவரிடம் அப்படித்தான் சொன்னாராம்.

வெள்ளைக்காரனின் வீண்செலவு என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அடித்தோம். முருகைக்கல் சுண்ணாம்பை நீற்றி, வடித்து, கொஞ்சம் உப்பும் பசையும் கலந்து வருடா வருடம் அடித்துக்கொண்டு வந்தோம். கொழும்பிலிருந்து யாராவது பெரியவர் வருகிறார் என்றால் நேரகாலம் இல்லாமல் இன்னொரு பூச்சு. காயாத சுண்ணாம்பில் பெரியவரின் கால்சட்டை பட்டுவிட்டால் விளக்கம் எழுதுவதும் நான்தான்.

அறுபதுகளின் நடுவில் எங்களுக்கு ஒரு புதிய எஞ்சினியர் வந்தார். அவரைப் போன்ற ஒரு மேலதிகாரியை நான் முன்னும் பின்னும் காணவில்லை. குரலை உயர்த்த மாட்டார். ஏச மாட்டார். எது சொன்னாலும் “அப்படியோ” என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் எத்தனை விதம் இருந்தது என்று பழகினவர்களுக்குத் தெரியும். மேலே போகும் ‘அப்படியோ’ என்றால் இன்னும் சொல் என்று அர்த்தம். நேராக வரும் ‘அப்படியோ’ என்றால் நீ சொல்வது பொய், எனக்கும் தெரியும் என்று அர்த்தம். கீழே இறங்கினால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். நான் எழுதிக் கொண்டுபோகும் ஆங்கிலத்தில் காற்புள்ளிகளை மட்டும் பென்சிலால் திருத்துவார். வேலையைப் பார்க்கப் போனால் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துச் சுவரில் ஒரு தரம் தேய்ப்பார். கைக்குட்டையைப் பார்ப்பார். மடித்து வைப்பார். அந்த மடிப்புக்கு நாங்கள் பட்ட பயம் சொல்லி முடியாது.

முனைக்கல்லில் அவர் கைக்குட்டையைத் தேய்த்த அன்று அது வெள்ளையாக வந்தது. வெள்ளைக் கைக்குட்டையில் வெள்ளை எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், அவருக்குத் தெரிந்தது.

“சுண்ணாம்பு சோம்பேறிகளின் பராமரிப்பு,” என்றார். “இதற்குள் ஒரு மனிதனின் பெயர் இருக்கிறது. வெளியே எடுக்கலாமோ?”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கந்தோரில் என் படிப்பை மதித்த முதல் ஆள் அவர்தான்.

சுரண்டுவது பொறுமையான வேலை. முதல் நாளே ஈரச் சாக்கால் கல்லைப் போர்த்திவிட வேண்டும். இரும்பு கல்லில் படக் கூடாது. தடித்த பொருக்குக்கு மூங்கில் சீவல், எழுத்துப் பள்ளத்துக்கு ஈர்க்கு, அதன் பிறகு தும்புத் தூரிகையும் நல்ல தண்ணீரும். என் ஆட்களை விடாமல் எழுத்து இருந்த பகுதியை நானே செய்தேன். பொருக்கு பொருக்காகக் கழன்று வர, அடியில் கரும் சாம்பல் நிறத்தில் அருமையான கல். ஒரு நங்கூரம், அதைச் சுற்றிய கயிறு, அதன் கீழ் எழுத்து. அதிகாரியின் பெயரையும் வயதையும் கப்பலின் பெயரையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருடைய வம்சம் என்று சொல்லிக்கொண்டு இன்னொருவர் என் வீட்டுக்கு வருவார். மற்றதைத் தமிழில் தருகிறேன்:

‘கரைக்குத் திரும்பும் வேளையில், இந்த முனையின் எதிரே, படகு கவிழ்ந்து மாண்டான். அவன் காணாததைப் பிறர் காணும்படி அவனுடைய தோழர்கள் இந்தக் கல்லை இங்கே நிறுத்தினார்கள்.’

எஞ்சினியரிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வசனத்துக்கு விளக்கமும் சொன்னேன். இளவயதில் மனிதன் மரணத்தைக் காண்பதில்லை, கல்லைப் பார்க்கிறவர்கள் தங்கள் முடிவை நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது கருத்து. பழைய கல்லறை வாசகங்களில் இது வழக்கமான உத்தி என்று, படித்தவனின் கனைப்போடு சொன்னேன். அவர் மேலே போகும் ‘அப்படியோ’ சொன்னார். இருவரும் அந்த வசனத்தின் நடையைப் புகழ்ந்துகொண்டு நின்றோம். கல்லுக்கு நேர் எதிரே கடலில் ஒரு இடத்தில் மட்டும் நுரை எழுந்து எழுந்து அடங்கியது. இருவரும் பார்த்தோம். அழகாக இருக்கிறது என்று அவர் சொன்னார்.

படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினோம். பாராட்டி எழுதினார்கள்.

உதுமாலெவ்வை வந்தது அதற்குச் சில கிழமைகளுக்குப் பிறகு. இறக்கக்கண்டியில் இரண்டு வள்ளம் வைத்திருந்த மீன்பிடிக்காரர். முஸ்லிம் பெரியவர்களை அழைக்கும் முறைப்படி காக்கா என்போம்; மனு எழுதி எழுதியே கந்தோரில் அவருடைய பெயர் ‘பெட்டிசம்’ ஆகியிருந்தது. தபாற்கந்தோர் மணிக்கூடு ஓடவில்லை என்று எங்களுக்கு எழுதுவார். பஸ் சாரதி பீடி குடிக்கிறார் என்று எங்களுக்கு எழுதுவார். மதகின் பலகை உடைந்தது என்று எழுதும்போது மட்டும் அது எங்கள் விஷயமாக இருக்கும், ஆனால் அதற்குள் நாங்கள் வாசிப்பதை நிறுத்தியிருப்போம். நேரில் வந்தால் இன்னும் மோசம். கதையை முடிவிலிருந்து தொடங்குவார். இடையில் கேள்வி கேட்டால் செவிடருக்குச் சொல்வதுபோல அதையே இன்னும் பலமாகச் சொல்வார். அவரைக் கண்டாலே எனக்குத் தலையிடிக்கும்.

அன்று தலைமைக் கிளாக்கர்தான் வரவேற்றார்.

“வாருங்கோ பெட்டிசம். இண்டைக்கு என்ன முறைப்பாடு?”

“பெட்டிசம் இல்ல. நேர வந்திரிக்கன். எங்கட வெள்ளையன என்ன செஞ்சீங்க?”

“வெள்ளையனை நாங்கள் ஒண்டும் செய்யேல்லை, காக்கா. அவனாத்தான் கொடியைச் சுருட்டிக்கொண்டு போனவன்.”

கந்தோர் சிரித்தது. உதுமாலெவ்வை மேசையில் தட்டினார்.

“பகிடி விடாதீங்க. வெள்ளையன் இல்லாட்டி கள்ளன் எங்கட உசிர எடுத்துப்போடுவான். வாடைக்கு முந்தி வெள்ளையன் எங்களுக்கு வேணும்.”

அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கு எங்கள் சிரிப்பு விளங்கும். ஒவ்வொரு தேத்தண்ணீர்க் கடையிலும் ஒரு கிழவர் இருந்து, வெள்ளைக்காரன் போனான், கள்ளர் கூடிப்போனார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்த காலம். அரிசிக்கு வரிசையில் நின்றாலும் அந்தக் கதை, பஸ் பிந்தினாலும் அந்தக் கதை. இப்போது ஒருவர் கந்தோருக்கே வந்து வெள்ளையனைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கிறார், அதுவும் வாடைக் காற்றுக்கு முந்தி. தலைமைக் கிளாக்கருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் சிரித்ததோடு நிற்கவில்லை. எழுந்து போய் அவர் முன்னால் நின்று, “அப்பிடியெண்டா மகாராணிக்கு ஒரு பெட்டிசம் போடுங்கோ காக்கா. இங்கிலீசிலை நான் எழுதித் தாறன்,” என்றேன்.

சிரிப்பு இன்னொரு தரம் எழுந்தது. உதுமாலெவ்வை என்னைப் பார்த்தார்.

“நீங்க படிச்ச மனிசன் எண்டுதான் உங்களுட்ட வந்தனான்,” என்றார். அன்று அவர் குரலை உயர்த்தாமல் சொன்ன ஒரே வசனம் அது. போய்விட்டார்.

பிறகு பல வருடம் எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த மனிதர் ‘கல்’ என்ற சொல்லை ஒரு தரமாவது சொல்லியிருக்கலாமே என்று. உண்மைதான், சொல்லவில்லை. அவருடைய ஊரில் யாரும் அதைக் கல் என்று சொல்வதில்லை. வீட்டுக்காரனின் பெயரைச் சொல்லிக் கேட்கிறவன், அவன் மனிதன் என்றும் சேர்த்தா சொல்வான்? எந்த வெள்ளையன் என்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டால் சத்தமாகச் சொல்வார், தலையிடிக்கும் என்று கேட்கவில்லை.

வாடை தொடங்கி, மழையும் மூட்டமுமாக இருந்த ஒரு விடியலில், கடலில் இருந்து திரும்பிய வள்ளம் ஒன்று முனைக்கு எதிரே உடைந்தது. இருவர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். மூன்றாவது ஆள் சேரவில்லை. உதுமாலெவ்வையின் மூத்த மகளைக் கட்டி, அங்குள்ள வழக்கப்படி அவருடைய வீட்டோடு வந்திருந்த மருமகன்.

இரண்டு நாள் கழித்து, அதே மதகுப் பலகையைப் பார்க்க நான் அந்தப் பக்கம் போனபோதுதான் கேள்விப்பட்டேன். அடக்கம் முடிந்திருந்தது. தெரிந்த மனிதர் ஆயிற்றே என்று வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், வாசலில் நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பத்தான் போனேன். உதுமாலெவ்வை சத்தம் போடவில்லை. முழங்கையில் பிடித்து என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் சிறிய வள்ளத்தில் ஏறினோம். கரை அலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வலித்துக்கொண்டு போய், முனையைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தினார்.

“அந்தா, இரட்டைப் பனை தெரியுதா?”

“ஓம்.”

“அதுக்குக் கீழ என்ன தெரியுது?”

பற்றைக்காடு தெரிந்தது. பற்றையின் நிழல் தெரிந்தது. என் கையால் சுரண்டிக் கழுவிய கல் அதற்குள் எங்கோ, அதே கறுப்பில், நின்றது. எவ்வளவு பார்த்தும் என்னால் பிரித்துக் காண ஏலவில்லை.

“ஒண்டும் தெரியேல்லை,” என்றேன்.

“அங்கதான் வெள்ளையன் நிண்டான். பனைக்கு நேர வெள்ளையன் வந்தா உள்ளுக்கு வரலாம். விலகினா,” என்று பக்கத்தில் நுரை எழுந்த இடத்தைத் துடுப்பால் காட்டினார். “இதுக்குக் கீழ படுத்திரிக்கான் கள்ளன்.”

அப்போதுதான் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. கடல் பக்கம் தடிப்பாக என்று பறங்கி ஓவசியர் சொன்னது. அவன் காணாததைப் பிறர் காணும்படி என்று நான் கனைத்துக்கொண்டு வாசித்தது. அந்தத் தோழர்கள் மரணத்தைப் பற்றித் தத்துவம் எழுதவில்லை. பாறையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கடற்படைக்காரர்கள் வேறு எதைப் பற்றி எழுதுவார்கள்?

மகாராணி பற்றி நான் சொன்னதை உதுமாலெவ்வை அன்றும் நினைவுபடுத்தவில்லை. பிறகும் இல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

கந்தோருக்குப் போய் எஞ்சினியரிடம் எல்லாம் சொன்னேன், என் பகிடியையும் சேர்த்து. அவருடைய ‘அப்படியோ’ அன்று மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. பாதியில் நின்றது. பென்சிலை மேசையில் வைத்தார். பிறகு, படம் மேலிடத்துக்குப் போய்விட்டது, பாராட்டும் வந்துவிட்டது, இனி அவர்களைக் கேட்காமல் அந்தக் கல்லில் தூரிகை படக் கூடாது என்றார். எழுதச் சொன்னார். எழுதினேன். அது கல்லறை என்பதால் வழிகாட்டும் அடையாளமாகக் கருத முடியாது என்று ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது. வழிகாட்டும் அடையாளம் என்றால் கல்லறையைப் பராமரிக்கும் எங்களுக்கு அதில் வேலை இல்லை என்று இன்னோர் இடத்திலிருந்து வந்தது. மூன்றாவது இடம், முதல் இரண்டு இடங்களின் கருத்தையும் கேட்டு எழுதும்படி கேட்டது. வாடை எங்கள் கடிதங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட நேரம், சந்தையில் சுண்ணாம்பு வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தனியாகப் போனேன். வாளியில் கலக்கும்போது பின்னால் காலடி கேட்டது. உதுமாலெவ்வை. நான் கல்லின் கடல் பக்கத்தில், எழுத்தை மட்டும் விட்டுச் சுற்றிவர அடித்தேன். அவ்வளவு நாள் ஈர்க்கால் கிண்டி எடுத்த எழுத்து. மூட எனக்கு மனம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு மனிதன் செத்த பிறகும் எனக்கு அந்த எழுத்தின்மேல் ஆசை இருந்தது.

உதுமாலெவ்வை கிட்ட வந்து பார்த்தார். எழுத்து இருந்த இடம் நடுவில் கறுப்பாக, ஒரு கதவு அளவுக்குத் திறந்து கிடந்தது.

“எழுத்துத் தெரியாம அடிங்க, ஓவசியர்,” என்றார்.

அடித்தேன். முதலில் வயது போனது. பிறகு கப்பலின் பெயர். நங்கூரம் கடைசியாகப் போனது. காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அவர் வள்ளத்தில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மேற்பக்கம் போதாது என்று சத்தம் போட்டார். பழைய குரல். அதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்த தடவை எஞ்சினியர் முனைக்கு வந்தபோது நான் பின்னால் நின்றேன். கைக்குட்டையை எடுத்துத் தேய்த்தார். பார்த்தார். பிறகு கடலில் நுரை எழும் இடத்தையும் பார்த்தார். இந்த முறை அழகு என்று சொல்லவில்லை. கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். அந்த வருட மதிப்பீட்டில், முனைக்கல்லுக்கு இரண்டு தரம், கடல் பக்கம் தடிப்பாக என்று நான் எழுதியதை வெட்டாமல் கையெழுத்துப் போட்டார். காற்புள்ளியைக்கூடத் திருத்தவில்லை. மேலிடத்துக்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்த மூன்று இடங்களிலிருந்தும் கடைசிவரை வேறு பதில் வரவில்லை.

நான் ஓய்வு பெறும் வரை அடித்தோம். உதுமாலெவ்வை அதற்கு முந்தியே போய்விட்டார். அவருடைய மகள், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், நான் மதகுக்கோ தெருவுக்கோ அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் படலையடியில் நின்று சலாம் சொல்வாள். ஏன் சொல்கிறாள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நான் அவளிடம் சொல்ல வேண்டியதை ஒரு நாளும் சொல்லவில்லை. என் பகிடியைப் பற்றி அவளுக்கு யாரும் சொன்னார்களோ தெரியாது. இதை அவள் வாசித்தால் இப்போது தெரிந்துகொள்வாள்.

தம்பி எஞ்சினியர், உங்களுக்குத்தான் இதை எழுதினேன். அந்தக் கல்லின் எழுத்து எங்கும் போகவில்லை. தமிழை மேலே தந்துவிட்டேன். ஆங்கிலம் வேண்டுமானால் வாருங்கள், பார்க்காமலே சொல்வேன். திரவப் போத்தலைக் கந்தோரில் வைத்துவிட்டு வாருங்கள். இப்போது வள்ளங்களுக்கு எஞ்சின் பூட்டியிருக்கிறார்கள். அதனால் கள்ளன்மேல் ஏறுவதானால் முன்னையைவிட வேகமாக ஏறுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு முழங்கால் ஏலாது. வாடைக்கு முந்தி நீங்கள் ஒரு பூச்சு அடிப்பியுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் ஏன் என்று கேட்பார். அப்படித்தான் செய்வது என்று சொல்லிவிடாதீர்கள். அவர் கேட்காவிட்டாலும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பனைக்கு நேரே வெள்ளையன் நிற்க வேண்டும். கடல் பக்கம் தடிப்பாக. எழுத்துத் தெரியாமல்.